இலவசம் என்னும் சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

 

"இது ஃப்ரீ கேம் வாப்பா, காசே வேண்டாம்!" என்று பிள்ளைகள் சொல்வதை இன்று கேட்காத இல்லம் அரிது. பிள்ளை பொய் சொல்லவில்லை. விளையாட்டின் முகப்பில் அவ்வாறுதான் எழுதப்பட்டிருக்கிறது. தந்தையும் அத்துடன் விசாரணையை முடித்துக் கொள்கிறார். காசு போகாத பொழுதுபோக்குதானே என்று தாயும் அமைதி கொள்கிறார். சில திங்கள் கழித்து வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்து சேரும்போதுதான், அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை அறைகள் இருந்தன என்பது இருவருக்கும் விளங்குகிறது.

ஜவுளிக் கடையில் "இலவசம்" என்று பலகை மாட்டியிருந்தால், எது இலவசம், எதை வாங்கினால் இலவசம், எந்நாள் வரை இலவசம் என்று நாம் துருவித் துருவிக் கேட்கிறோம். கணினித் திரையில் அதே சொல்லைக் காணும்போது மட்டும் ஏனோ கேள்விகள் நின்றுவிடுகின்றன. இணையவழி விளையாட்டுகளை, அவை பணம் பெறும் முறையைக் கொண்டு எவ்வாறு பிரித்தறிவது என்பதையே இத்திங்கள் நாம் சிந்திக்க இருக்கிறோம். அதற்கு, இவ்வகை விளையாட்டுகளில் மூத்தவற்றுள் ஒன்றான எழுத்து விளையாட்டையே சான்றாக எடுத்துக் கொள்வோம். படமும் ஒலியும் இல்லாத எளிய ஆட்டம் அது. ஆகவே, பணம் நுழையும் வாசல் எது என்பது அதில் ஒளிவு மறைவின்றிப் புலப்படும்.

எழுத்தாலேயே ஓர் உலகம்

எழுத்து விளையாட்டு என்றால் என்ன? திரையில் சில வரிகள் தோன்றும். நீங்கள் ஒரு காட்டுப் பாதையில் நிற்கிறீர்கள், வடக்கே ஒரு பாலம் தெரிகிறது என்று அவை கூறும். நீங்கள் "வடக்கு" என்று தட்டச்சு செய்தால் பாலத்தின் வருணனை வரும். அதே பாலத்தில் வேறொரு நாட்டிலிருந்து வந்த இன்னொருவர் நிற்பார். அவருடன் உரையாடலாம், கூட்டாகப் பயணம் செய்யலாம், போரிடலாம். அனைத்தும் எழுத்துகளே!

இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ஆம் ஆண்டு ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் இதைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மற்றொரு மாணவர் அதை விரிவாக்கினார். 'மட்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்த ஆட்டத்தின் பெயரே பின்னர் இவ்வகை முழுமைக்கும் பொதுப் பெயராயிற்று. 1983-இல், பல்கலைக்கழகத்திற்கு வெளியே இருப்போரும் தொலைபேசி வலைப்பின்னல் வழியாக வந்து ஆட அனுமதிக்கப்பட்டனர். எந்நேரத்தில் தெரியுமா? நள்ளிரவு கடந்து 2 மணி முதல் காலை 7 மணி வரை! பகலில் கல்விக்குப் பயன்பட்ட கணினி இரவில் சும்மா கிடந்தது. அந்த ஓய்வு நேரமே விளையாட்டுக்கு விடப்பட்டது.

இவ்விளையாட்டுகள் இன்றும் மறையவில்லை. குறிப்பாகக் கண்பார்வையற்றோர் பலர், திரையின் எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு, பார்வையுள்ளோருக்குச் சமமாக இவற்றை ஆடி வருகின்றனர். ஆகவே இவற்றில் யார் நுழையலாம், நுழைந்தவர் எவ்வளவு செலவழிக்க நேரும் என்பது அற்பமான கேள்வியன்று.

மணிக்கணக்கில் கட்டணம்

முதல் வகை, வெளிப்படையாகக் கட்டணம் கேட்கும் வகை. 1985-இல் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் வழியே 'ஐலண்ட் ஆஃப் கெஸ்மாய்' என்ற ஆட்டம் வெளியாயிற்று. இணைப்பின் வேகத்தைப் பொறுத்து மணிக்கு 6 டாலர் முதல் 12 டாலர் வரை அதில் ஆடுவோர் செலுத்தினர். ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆடினால், குறைந்த கட்டணத்திலேயே திங்களுக்கு 360 டாலர் ஆகிவிடும். எஸ்ஸெக்ஸ் மாணவர்களின் 'மட்' ஆட்டமும் 1987 முதல் அதே நிறுவனத்தில் 'பிரிட்டிஷ் லெஜண்ட்ஸ்' என்ற பெயரில் கட்டண ஆட்டமாக நடைபெற்றது.

பின்னர் மணிக்கணக்கு மெல்ல மெல்ல மாதச் சந்தாவாக மாறியது. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் 1996 டிசம்பரில், எவ்வளவு நேரம் இணைந்திருந்தாலும் திங்களுக்கு 19 டாலர் 95 சென்ட் என்று கட்டணத்தை நிலைப்படுத்தியது. அதற்கு முன் 5 மணி நேரத்திற்கு 9 டாலர் 95 சென்ட், அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் 2 டாலர் 95 சென்ட் என்றிருந்தது. மணிக்கணக்கு வருமானத்தில் பங்கு பெற்று வந்த ஆட்டங்கள் வேறு வழி தேட நேர்ந்தது. சிமுட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'ஜெம்ஸ்டோன்' போன்ற எழுத்து விளையாட்டுகள் தம் சொந்தத் தளத்தில் மாதச் சந்தா வாங்கத் தொடங்கின.

இவ்வகையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். மணிக்குக் கட்டணம் என்பது கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் அதில் மறைவு இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் கடன் தெரிந்துவிடும். மாதச் சந்தாவோ இன்னும் தெளிவு. அதற்கு ஓர் உச்சவரம்பே உண்டு. உழைத்து ஒன்றை உருவாக்கியவர் அதற்கு விலை கேட்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஹலாலான பொருளுக்கு நியாயமான விலையைச் சொல்லி வாங்குவது மரியாதைக்குரிய வியாபாரமே.

காசு கேளாதவர்கள்

இரண்டாம் வகை, உண்மையிலேயே காசு கேளாத வகை. 1980-களின் இறுதியில் பல்கலைக்கழக மாணவர்கள் பலர் இவ்விளையாட்டின் நிரலைத் தாமே எழுதி, யாரும் எடுத்து நடத்தலாம் என்று உலகுக்கு வழங்கினர். வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் ஆலன் காக்ஸ், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் லார்ஸ் பென்ஷோ, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் என்று இப்பட்டியல் நீளும்.

இவர்களுள் டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐவர் 1991-இல் வெளியிட்ட 'டிக்கு மட்' தனிச்சிறப்புடையது. அவர்கள் விதித்த நிபந்தனைகள் மிகச் சில. எங்கள் நிரலைக் கொண்டு எவ்வகையிலும் இலாபம் ஈட்டலாகாது, ஆட்டத்தின் முகப்பில் எங்கள் பெயர்கள் இடம்பெற வேண்டும் என்பவையே அவற்றுள் தலையானவை. இந்நிரலின் வழித்தோன்றலாக ஏராளமான ஆட்டங்கள் எழுந்தன. அவற்றை நடத்தியோர் பகலில் வேறு தொழில் செய்து, இரவில் ஊதியமின்றி இதைப் பேணினர். அசல் நிரலின் உரிமத்தை அதன் ஆசிரியர்கள் 2020-இல் தளர்த்தினர் என்றாலும், இடைப்பட்ட ஏறத்தாழ 30 ஆண்டுகள் இந்நிபந்தனையே ஒரு பெரும் சமூகத்தின் நடைமுறையை வகுத்தது.

'இலவசம்' என்ற சொல் இவர்களிடம் முழுப் பொருளோடு இருந்தது. பணக்காரரும் ஏழை மாணவரும் ஒரே வாசலில் நுழைந்து ஒரே நிலையில் ஆடினர். எவருடைய பணப்பையும் அவருடைய வாளைக் கூர்மையாக்கவில்லை.

நன்கொடையா, விற்பனையா?

சிக்கல் தொடங்குவது மூன்றாம் வகையில்தான். ஆட்டத்தை நடத்தக் கணினிக்கும் இணைப்புக்கும் செலவு உண்டு. அச்செலவை ஈடுகட்ட ஆடுவோரிடமிருந்து நன்கொடை பெறும் வழக்கம் வந்தது. விரும்பியவர் கொடுக்கலாம், கொடுக்காதவருக்குக் குறை ஏதுமில்லை என்றிருந்தவரை அது நன்கொடையே. பள்ளிவாசல் உண்டியலில் காசு போடுபவருக்கு முன் வரிசை ஒதுக்கப்படுவதில்லையே!

ஆனால் சில ஆட்டங்களில் நன்கொடை தந்தவருக்கு ஒரு வாள், ஒரு கவசம், ஒரு சிறப்புத் தகுதி என்று பிரதிபலன் தரப்பட்டது. நாளடைவில் இத்தனை டாலருக்கு இன்ன பொருள் என்ற விலைப்பட்டியலும் உருவாயிற்று. முகப்பில் மட்டும் 'இலவச விளையாட்டு, நன்கொடை ஏற்கப்படும்' என்ற வாசகம் மாறவில்லை. இலாபம் ஈட்டலாகாது என்ற நிபந்தனையோடு பெற்ற நிரலில் இவ்வாறு செய்யலாமா என்ற வாக்குவாதம் பல்லாண்டுகள் ஓயவில்லை. செலவை ஈடுகட்டுவது இலாபமாகாது என்றனர் ஒரு சாரார். கொடுத்ததற்குக் கைமாறு பெற்றால் அது நன்கொடையே ஆகாது என்றனர் மறு சாரார்.

2003-இல் தொடங்கிய 'கிங்டம் ஆஃப் லோதிங்' என்ற நகைச்சுவை எழுத்து விளையாட்டு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அதில் 10 டாலர் 'நன்கொடை' தந்தால் ஒரு குறிப்பிட்ட அணிகலன் கிடைக்கும். அதைக் கொடுத்து அம்மாதத்திற்குரிய சிறப்புப் பொருளைப் பெறலாம். நடத்துவோர் இதை ஒளிக்கவில்லை. எவ்வளவு தந்தால் என்ன கிடைக்கும் என்பது வெளிப்படையாகவே இருக்கிறது. ஆயினும் அச்செயலுக்கு உரிய பெயர் என்ன? விலை நிலையானது, பொருள் நிலையானது. ஆகவே அது விற்பனை.

நம் மார்க்கச் சட்ட மேதைகள் இக்கேள்வியைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர். ஹிபா என்னும் அன்பளிப்பை, 'இதற்கு ஈடாக எனக்கு இன்னது தர வேண்டும்' என்ற நிபந்தனையோடு ஒருவர் வழங்கினால், அதை வெறும் அன்பளிப்பாகக் கருதாமல் விற்பனையின் விதிகளோடு பொருத்தியே அவர்கள் ஆராய்ந்தனர். உதட்டில் எப்பெயர் இருப்பினும், கொடுக்கல் வாங்கலின் உட்பொருளைக் காண்பதே அவர்கள் முறை. ஸதகா வேறு, ஹதியா வேறு, வியாபாரம் வேறு. மூன்றும் நல்லவையே. ஒன்றின் ஆடையை மற்றொன்று அணிவதுதான் நல்லதன்று.

வாசல் இலவசம், உள்ளே கடை

நான்காம் வகை இன்று உலகெங்கும் பரவியிருப்பது. நுழையக் காசில்லை, உள்ளே விற்பனை நடக்கும். இதைத் தொடக்க காலத்திலேயே நடைமுறைப்படுத்திய ஆட்டங்களுள் ஒன்று, 1997-இல் மேட் மிஹாலி தொடங்கிய 'அக்கேயா' என்ற எழுத்து விளையாட்டு. அதில் ஆடுவதற்குக் கட்டாய மாதச் சந்தா கிடையாது. 'கிரெடிட்' என்ற செலாவணியை உண்மைப் பணம் கொடுத்து வாங்கி, அதைக் கொண்டு திறன்களைக் கற்கலாம், அரிய கருவிகளைப் பெறலாம். காசு செலவழிக்க இயலாதவர், ஆட்டத்திற்குள் உழைத்துச் சேர்த்த பொன்னைக் கொடுத்து மற்றவரிடமிருந்து அதே கிரெடிட்டைப் பெறவும் வழியுண்டு.

இத்தகைய ஆட்டத்தை 'இலவசம்' என்ற தலைப்பில் சேர்ப்பதா, 'கட்டணம்' என்ற தலைப்பில் சேர்ப்பதா? எவரையும் வாங்குமாறு நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, ஒரு காசும் தராமல் பல்லாண்டு ஆடலாம், ஆகவே இலவசமே என்பது நடத்துவோர் வாதம். இது பொய்யன்று. ஆனால் காசு கொடுத்தவர் ஒரு நாளில் அடைவதைக் கொடுக்காதவர் பல திங்கள் உழைத்து அடைகிறார் என்றால், அங்கே இருவரும் ஒரே ஆட்டத்தை ஆடுகின்றனரா என்பது எதிர்வாதம். இதுவும் பொய்யன்று.

இரு வாதமும் உண்மையாக இருப்பதற்குக் காரணம், கேட்கப்பட்ட கேள்வியே போதாதது என்பதுதான். 'காசு உண்டா, இல்லையா?' என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரு விடைகளுக்குள் இவ்வகை அடங்காது. காசு எதற்கு? அலங்காரத்திற்கா, வசதிக்கா, வலிமைக்கா? அதற்கு உச்சவரம்பு உண்டா? என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். மாதச் சந்தா செலுத்துபவர் தம் செலவை ஆண்டுத் தொடக்கத்திலேயே கணக்கிட்டுவிடலாம். உள்ளே கடை விரித்திருக்கும் ஆட்டத்தில் அக்கணக்கிற்கு எல்லையே இல்லை. ஆகவே, வெளிப்படையாகக் கட்டணம் கேட்கும் ஆட்டத்தைவிட, 'இலவசம்' என்று அழைக்கும் ஆட்டத்தில் அதிகம் இழக்கவும் கூடும்!

காத்திருப்பை விற்பது

இதே வகையின் ஒரு கிளை, பொருளை விற்காமல் பொறுமையை விலை பேசும். இலண்டன் நகரைக் கற்பனைக் களமாகக் கொண்டு 2009-இல் தொடங்கிய 'ஃபாலன் லண்டன்' என்ற எழுத்து விளையாட்டில், ஒருவருக்கு ஒரே வேளையில் 20 செயல்களே சேர்ந்திருக்கும். அவை தீர்ந்ததும் 10 நிமிடத்திற்கு ஒன்றாக மீண்டும் ஊறும். முழுமையாக நிரம்ப 3 மணி 20 நிமிடம் ஆகும். காத்திருக்க விருப்பமில்லையா? காசு கொடுத்து நிரப்பிக் கொள்ளலாம். மாதச் சந்தா செலுத்தினால் சேமிப்பு 40 ஆக உயரும்.

பெரியவர்களுக்கு இது ஒரு வகையில் நன்மையாகவும் அமையலாம். 20 செயல்கள் முடிந்தவுடன் எழுந்து வேலையைப் பார்க்கச் செல்லலாமே! ஆனால் காத்திருக்கப் பழகாத சிறுவர்களிடம் இதே ஏற்பாடு வேறு விதமாக வேலை செய்கிறது. பொறுமை என்னும் ஸப்ரைக் கற்க வேண்டிய பருவத்தில், பொறுமையின்மைக்கு ஒரு விலை உண்டு, அதைச் செலுத்தினால் போதும் என்று கற்கிறார்கள். ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மக்களில் பெரும்பாலோர் ஏமாந்து இழந்துவிடும் இரு அருட்கொடைகள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். ஆகவே காசு கொடாமல் ஆடுபவரும் ஒன்றைக் கொடுத்துத்தான் ஆடுகிறார். அது அவருடைய நேரம்.

பணயம்: அது தனி இனம்

இதுவரை கூறிய அனைத்தும் கொடுத்ததற்கு ஏதோ ஒன்றைப் பெறும் வகைகள். இவற்றோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாத இனம் ஒன்று உண்டு. பணம் வைத்து, வென்றால் அதிகம், தோற்றால் அனைத்தும் போயிற்று என்று ஆடும் பணய ஆட்டம். 'நுழைவுக் கட்டணம்' என்று அதற்கும் பெயர் சூட்டப்படலாம். ஆயினும் அது கட்டணமன்று, மைஸிர். அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்கள் மதுவோடு சேர்த்து இதைத் தடுத்திருப்பதையும், பகையும் குரோதமும் இதன் வழியே விளைவதைச் சுட்டியிருப்பதையும் நாம் அறிவோம். 'வா, சூதாடுவோம்' என்று ஒருவர் வாயால் அழைத்துவிட்டாலே அதற்குப் பரிகாரமாக தர்மம் செய்ய வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. அழைப்பே இத்துணைப் பாரதூரமானது என்றால் ஆட்டம் எத்தகையது!

இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும் விளையாட்டுகளைப் பணத்தின் அடிப்படையில்தான் பிரிக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. பரிசுப் பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் பணம் செலுத்தி ஆடுவதை அது 'பண விளையாட்டு' என்று வகுத்துத் தடை செய்கிறது. பணயமாக அல்லாமல், நுழைவதற்காக மட்டும் சந்தாவோ ஒருமுறைக் கட்டணமோ பெறும் பொழுதுபோக்கு ஆட்டங்களை வேறு வகையில் வைக்கிறது. இதற்கு முன் தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தடுக்க முயன்றபோது, அவை திறமையின் ஆட்டங்கள் என்ற அடிப்படையில் அவற்றுக்கான தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் செல்லாது என்றது. 2025-ஆம் ஆண்டுச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியைத் தாண்டி, பணயம் உண்டா என்று கேட்கிறது. இரு தரப்பாரும் பொருள் வைத்து, வென்றவர் தோற்றவரின் பொருளைக் கொண்டு செல்லும் கிமார் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் கேட்கும் முதற்கேள்வியும் அதுவே.

இவ்விரு இனங்களுக்கும் நடுவில் ஓர் இருண்ட சந்தும் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியை உண்மைப் பணம் கொடுத்து வாங்குவது. திறந்தால் அரிய பொருளும் வரலாம், குப்பையும் வரலாம். சில விளையாட்டுகளில் இருந்த இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்திற்கு முரணானவை என்று பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018-இல் அறிவித்தது. வாங்குவது எது என்று அறியாமல் விலை கொடுக்கும் வியாபாரத்தை கரர் என்று பெயரிட்டு மார்க்கம் தடுத்திருப்பதை இங்கு நினைவுகூர்வோம்.

நனைந்த தானியம்

இத்தனை நுணுக்கமாகப் பிரிப்பது ஏன், விளையாட்டுதானே என்று சிலர் கேட்கலாம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முறை கடைத்தெருவில் தானியக் குவியலொன்றைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தை உரைத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் தொகுப்பில் இடம்பெறும் நிகழ்ச்சி இது.

இதில் கருத்தூன்றிப் பாருங்கள். ஈரத் தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே கூறப்படவில்லை. ஈரத்தை மேலே வை என்றே கூறப்பட்டது. மேற்புறம் உலர்ந்து, உட்புறம் நனைந்த குவியலே இன்றைய 'இலவச விளையாட்டு' என்னும் பலகை. கட்டணம் கேட்பது குற்றமன்று; கேட்பதைக் குவியலின் அடியில் புதைப்பதே குற்றம். வகைப்படுத்துதல் என்பது வேறொன்றுமில்லை, ஈரத்தை மேலே வைக்கும் செயல்தான்.

உலகமும் தாமதமாகவேனும் இதை உணரத் தொடங்கியது. ஐரோப்பிய ஆணையத்தின் வற்புறுத்தலுக்குப் பின், உள்ளே விற்பனை உள்ள விளையாட்டுகளுக்கு 'இலவசம்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று 2014-இல் கூகுள் நிறுவனம் ஐரோப்பாவில் இசைந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனமும் தன் கடையில் 'இலவசம்' என்ற பொத்தானை 'பெறுக' என்று மாற்றியது. பெற்றோர் அறியாமல் சிறுவர்கள் செய்த கொள்முதல்களுக்காக, குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர 2014 ஜனவரியில் அமெரிக்க வாணிப ஆணையத்துடன் ஆப்பிள் உடன்பட்டது. 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம் 24 கோடியே 50 லட்சம் டாலர் தர உடன்பட்டது. பலகையில் எழுதும் ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்பதை இத்தொகைகள் சொல்லும்.

இல்லத்தில் நாம் கேட்க வேண்டியவை

பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பிடுங்குவது எளிது. பிரித்தறியும் அறிவை அவன் உள்ளத்தில் வைப்பதே அரிது, அதுவே நிலைப்பது. 'ஃப்ரீ கேம்' என்று பிள்ளை சொன்னால், கோபமின்றி அருகில் அமர்ந்து ஐந்து கேள்விகளை அவனையே கேட்டு விடை தேடச் செய்யுங்கள்.

ஒன்று, இதை உருவாக்கியவருக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது? ஆர்வத்தால் நடத்துகிறாரா, சந்தாவாலா, விளம்பரத்தாலா, உள்ளே நடக்கும் விற்பனையாலா? விடை எங்கும் தென்படவில்லை என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை.

இரண்டு, காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது என்ன? அலங்காரமா, மற்றவரை வெல்லும் வலிமையா?

மூன்று, ஒரு திங்களில் அதிகபட்சம் எவ்வளவு செலவாகும்? இதற்கு எண்ணாக விடை வந்தால் அது கட்டணம். எல்லையில்லை என்று விடை வந்தால், அந்த ஆட்டத்தோடு பெற்றோரின் வங்கி அட்டையையோ கைப்பேசிப் பணப் பரிமாற்றத்தையோ இணைத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு கருவியில் அமைத்துவிடுங்கள்.

நான்கு, வாங்குவது எது என்று வாங்கும் முன்பே தெரிகிறதா? தெரியாத பெட்டியென்றால் விலகி நிற்க வேண்டும்.

ஐந்து, செலுத்தும் பணம் பெருகித் திரும்பி வரும் என்று ஆசை காட்டப்படுகிறதா? ஆம் என்றால் அத்துடன் விசாரணை முடிந்தது. அது விளையாட்டே அன்று.

பிள்ளைகளைக் கேட்கும் முன் நம்மையும் நாம் கேட்டுக் கொள்ள வேண்டும். நம் கடைகளில் 'இலவசம்' என்று எழுதும்போது ஈரத்தை மேலே வைக்கிறோமா? நம் திருமண மண்டபங்களில், நம் கல்விக்கூடங்களில் 'நன்கொடை' என்ற பெயரில் வாங்கப்படும் தொகைகள் உண்மையில் நன்கொடைகள்தாமா? கொடுக்காவிட்டால் இடமில்லை என்றால் அதன் பெயர் கட்டணம். கட்டணம் என்றே எழுதி, ரசீதும் கொடுத்துவிடலாமே! விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அந்த பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழியின் சாரம். தந்தையின் கடைப் பலகையில் நேர்மையைக் கண்ட பிள்ளை, கைப்பேசியின் பலகையிலும் அதைத் தேடுவான். அங்கே காணாதவன் எங்கே தேடுவான்?

இறுதியாக ஒன்று. கோபன்ஹேகன் மாணவர்கள் ஐவரும் தம் உழைப்பை உலகுக்குக் கொடுத்துவிட்டு, இதைக் கொண்டு இலாபம் தேடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக் கொண்டனர். அவர்கள் நம் மார்க்கத்தினர் அல்லர். ஆயினும், கைமாறு கருதாது கொடுப்பதற்கும் விலை பேசி விற்பதற்கும் இடையே அவர்கள் கிழித்த கோடு நேரானது. இரண்டும் செய்யலாம், ஒன்றை மற்றொன்றாகக் காட்டலாகாது. இந்தக் கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஒரு கைப்பேசி விளையாட்டும் நமக்குப் பாடநூலாகலாம்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் இல்லங்களின் செல்வத்திலும் நேரத்திலும் பரக்கத்தைத் தந்து, உள்ளும் புறமும் ஒன்றான வியாபாரத்தையும் வாழ்வையும் நமக்கும் நம் மக்களுக்கும் நல்குவானாக! ஆமீன்.